ஊர் பேசாத மனுஷன்

எங்கள் மலையில் ஒருவரைத் தள்ளிவைத்தால் அடிப்பதில்லை, விரட்டுவதில்லை. பேச்சை நிறுத்திவிடுவார்கள். அடுப்புக்கு நெருப்பு கொடுக்கக் கூடாது, ஊற்றில் தண்ணீர் எடுக்க விடக் கூடாது, எதிரே வந்தால் மரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். கீழே சேலத்துக்காரர்கள் இதைக் கேட்டால், "இவ்வளவுதானா?" என்பார்கள். ஒரு மாதம் அப்படி இருந்து பார்க்கட்டும், தெரியும்.

செம்மநத்தம் தாண்டி இன்னும் உள்ளே நடக்க வேண்டிய ஊரில் நான் வாழ்க்கைப்பட்டேன். என் மாமனார்தான் ஊர்க்கவுண்டர். வழக்கு, கல்யாணம், சாவு எல்லாம் அவர் சொல்படிதான். எங்களுக்குப் பங்காளி முறையான ஒருவர், வரப்புத் தகராறை ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுவராமல் ஏற்காட்டுக்குப் போய்ப் போலீசில் சொல்லிவிட்டார். ஊர்ப் பேச்சை ஊர் தாண்டவிட்டது பெரிய குற்றம். ராகி அறுப்பு முடிந்த சமயத்தில் மாமனார் அவரைத் தள்ளிவைத்தார். வைகாசித் திருவிழாவில் காலில் விழ வேண்டும், தள்ளிவைத்தவர் தன் கையால் வெற்றிலை கொடுப்பார், அதோடு தீர்ந்தது. அவரும் வைகாசியை எண்ணிப் பொறுமையாகத்தான் இருந்தார். அவர் பெண்சாதி ஓடைக்கு இறங்கித் தண்ணீர் சுமந்தாள்.

மாசியில் மாமனார் செத்துப்போனார். ஊர்க்கவுண்டரைப் புதைக்கும்போது வலது கையில் வெற்றிலை பாக்கு வைத்து மூடுவது எங்கள் வழக்கம், அப்படியே செய்தோம். பட்டம் என் வீட்டுக்காரருக்கு வந்தது. காரியம் முடிந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, வைகாசியில அந்த மனுஷனுக்கு நீங்கதானே வெத்தலை குடுக்கோணும்?"

"ஐயன் போட்ட கட்டு புள்ள. ஐயன் கைதான் அவுக்கோணும். நான் எப்படி அவுக்கறது?"

"மாமா எந்திரிச்சு வந்து குடுப்பாருங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கட்டுப் போட்ட கைதான் அவிழ்க்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களும் சொன்னார்கள். தள்ளிவைத்தவர் இடையில் செத்தது இதுவரை நடந்ததே இல்லையாம், அதனால் என்ன செய்வதென்று தெரியவில்லையாம். தெரியாவிட்டால் புதிதாக ஒன்று செய்வதுதானே? வெள்ளக்கடைப் பக்கம் என் பிறந்த ஊராக இருந்தால் ஒரு பொழுதில் முடித்திருப்பார்கள். எனக்கு வாய் நீளம் என்று பெயர் வந்ததுதான் மிச்சம்.

வைகாசியில் அந்தப் பங்காளி குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கோயில் முன்னால் என் வீட்டுக்காரர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். என் வீட்டுக்காரர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மேளம் நிற்கவில்லை. விழுந்து கிடந்தவரை ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு சனம் சாமி கும்பிடப் போனது. பாவம், வெகுநேரம் அவர் எழுந்திருக்கவே இல்லை.

அடுத்த வாரம் அவர் பெண்சாதி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு அவர் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார். புல்லறுக்கப் போகும்போது என் காதாலேயே கேட்டிருக்கிறேன். "சாப்புட்டயாப்பா?" என்று ஒரு குரல். "ஆச்சுங்க, நீங்க?" என்று இன்னொரு குரல். நாளாக நாளாகச் சத்தம் கூடியது. தன் காப்பிச் செடிகளையே கொடுவாளால் அடியோடு வெட்டிப்போட்டார். "கூப்புட்டா ஒரு வார்த்தை பேச மாட்டேங்குதே!" என்று கத்திக்கொண்டே தன் எருதையும் வெட்டிச் சாய்த்தார். அப்போதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பைத்தியம் பிடித்தாலும் கட்டு கட்டுதான் என்றார்கள். நாசமாய்ப் போன கட்டு!

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில், மாமனாரின் குழியை அவர் தோண்டுகிறார் என்று தெரிந்து ஊரே ஓடினோம். இடுப்பளவு பள்ளத்தில் நின்று மண்வெட்டியால் மண்ணை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

"என் வெத்தலை அவரு கையில இருக்குதுங்க. வச்சுத்தானே மூடுனீங்க? எடுத்துக்கிட்டுப் போயிடறேன்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

பெற்றவர் உடம்பைத் தொட மகன் விடுவாரா? என் வீட்டுக்காரர் குழிக்குள் குதித்து அவர் தோளைப் பிடித்து இழுத்தார். மண்வெட்டி ஒரே தரம் திரும்பிக் கழுத்தோரம் விழுந்தது. நான் இறங்கித் தூக்குவதற்குள் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

அப்போதுதான் ஊர் வாய் திறந்தது. அந்த மனுஷனின் பேரைச் சொல்லி, அவர் அப்பன் பேரைச் சொல்லி, அத்தனை பேரும் வைதார்கள். எல்லோரையும் விட நான்தான் அதிகம் கத்தினேன். "அடப்பாவி, எங்குடியக் கெடுத்துட்டயே! நீ வெளங்குவயா?"

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"சொல்லுங்க அம்மணி" என்றார். "இன்னுஞ் சொல்லுங்க. எங்கூடப் பேசி நொம்ப நாளாச்சுங்களே."