புதன்கிழமைப் பேய்களுக்குக் குரல் கொடுத்தவர்

என் மகள் அபிரா வேலை நேரத்தில் எனக்கு அழைப்பவள் அல்ல. அதனால் முதியோர் இல்லத்துச் சமையலறையில் கரட் வெட்டிக்கொண்டிருந்த நான், கைபேசியில் அவள் பெயரைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தேன். "அப்பா, பேய்வீட்டு மாமா செத்துப்போயிட்டார்" என்றாள். அவ்வளவுதான். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் நாள் முழுக்கத் தொலைபேசியில் கதைத்துச் சம்பளம் வாங்குகிற பிள்ளை. அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

பக்கத்தில் நின்ற சுவிஸ்காரர், இறந்தவர் சொந்தக்காரரா என்று கேட்டார். இல்லை என்றேன். நண்பரா என்றார். என்னைவிட அவ்வளவு மூத்தவரை நண்பர் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில், என்னிடமிருக்கும் ஓட்டை டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், "எங்கள் கட்டிடத்துப் பேய்களுக்காகக் கதைத்தவர்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, போய்க் கொஞ்சநேரம் இருந்துவிட்டு வரச் சொன்னார்.

பிள்ளைகள் பேய்வீட்டு மாமா என்று கூப்பிட்ட பரம் அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய சகோதரியின் மகன் கேட்டபோது, "நல்லாப் படிச்ச ஆரையும் கேளுமன் தம்பி" என்றேன். சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் தமிழில் மட்டும் சித்தியடைந்தவன் நான். "தமிழில்தானே எழுதப் போறியள்" என்று அவர் மடக்கிவிட்டார். ஆகவே அண்ணையைத் தெரிந்த நீங்கள் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவிஸில், வின்டர்தூர் நகரத்தில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் அவர் எங்களுக்குக் கீழ் வீடு. தனி ஆள். வெதுப்பகத்தில் விடியப்புற வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். புதன்கிழமைப் பின்னேரம் இந்த நாட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தாய் தகப்பனுக்கு வேலை இருக்கும். அதனால் கட்டிடத்திலிருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் புதன்கிழமைகளில் அண்ணையின் அறையில் இருப்பார்கள். யாரும் அவரைக் கேட்டு ஒழுங்குசெய்ததாக எனக்கு ஞாபகமில்லை. கதவு திறந்திருந்தது, பிள்ளைகள் போனார்கள்.

அந்த நாளில் ஜெர்மன் ரிவியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தொடரைத் திரும்பப் போட்டார்கள். அண்ணை அதை வீடியோக் கொப்பியில் பிடித்து வைத்திருந்தார். சிலந்தி வலை பிடித்த பெரிய வீடு. பட்டுப்போன செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வெள்ளை முகத் தாய். மெழுகுதிரியை அணைத்துவிட்டுப் பேப்பர் வாசிக்கும் தகப்பன். அலுமாரிக்குள் நித்திரை கொள்ளும் தாத்தா. ஊரே அவர்களைக் கண்டு ஓடும். தாங்கள் பேய்கள் என்பது அவர்களுக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் வேலையில் விரலை வெட்டிக்கொண்டு நேரத்தோடு வந்த நான், மகளைக் கூட்டிவரக் கீழே போனேன். ரிவியில் சத்தமே இல்லை. அண்ணை பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, திரையில் வருகிறவர்களின் முகத்தைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரன் படலையடியிலேயே கடிதங்களை எறிந்துவிட்டு ஓட, பேய்த் தாய் வாயைத் திறந்தாள். யாழ்ப்பாணத் தமிழ் வந்தது.

"தம்பி, நில்லும்! ஏன் ஓடுறீர்? ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன்."

தகப்பன் பேப்பரை மடித்தான். "இஞ்சாரும், விடும். பாவம், அவனுக்கு வீட்டில என்ன பிரச்சினையோ."

அலுமாரிக் கதவு திறந்தது. "டேய், என்ர விசாக் கடிதம் வந்ததோ எண்டு பாருங்கோடா! முந்நூறு வருசமா எஃப் விசாவிலயே படுத்திருக்கிறன்!"

பிள்ளைகள் நிலத்தில் உருண்டார்கள். வாசலில் நின்ற நானும் அப்போது எஃப் விசாக்காரன்தான். இருக்கவும் விடாமல் போகவும் சொல்லாமல் வைத்திருக்கும் அந்தக் காகிதத்துக்கு ஒரு மனிதன் சிரிக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அதைவிட என்னை வாயடைக்க வைத்தது வேறு. திரையில் வாய் மூடும் இடத்தில் அண்ணையின் வசனமும் முடிந்தது. அப்படி ஒரு பொருத்தம்.

"ஏன் அண்ணை சத்தத்தை நிப்பாட்டி வச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"டொச் இடையில வந்தால் எனக்குக் கதை குழம்பும்" என்றார்.

முன்னமே கேட்டுப் பாடமாக்கி வைத்திருக்கிறார், இந்த மனிதனுக்கு டொச் தண்ணி பட்ட பாடு என்று நான் முடிவு கட்டினேன். என் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

அந்த முடிவோடுதான் அவரை ஒரு பெரிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அபிரா வீட்டிலும் அண்ணையின் அறையிலும் கதைப்பாள். வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக ரீச்சர் அவளுடைய குரலையே கேட்டதில்லை. எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். அவளைப் பிரித்து, வேறு இடத்திலுள்ள சிறப்பு வகுப்புக்கு அனுப்பப் போகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்லியிருந்தார்கள். மனைவிக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, "எங்களிடம் ஆள் இருக்கிறது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான்தான்.

அண்ணை கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்தார். கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு ரீச்சரின் முகத்தையே பார்த்தார். ரீச்சர் நீளமாகச் சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ரீச்சர் சொல்லுறா, பிள்ளை நல்ல கெட்டிக்காரியாம். சாப்பாடுதான் காணாதாம்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. ரீச்சர் நெற்றியைச் சுருக்கி இன்னும் ஏதோ சொன்னார்.

"இப்ப சொல்லுறா, சின்ன வயசில தானும் இப்பிடித்தானாம். ஆரோடயும் கதைக்கிறேல்லயாம்."

நான் ரீச்சரைப் பார்த்து நன்றி நன்றி என்று தலையாட்டினேன். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அப்போது நடுவிலிருந்த அபிரா அண்ணையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, அவா அப்பிடிச் சொல்லேல்ல."

"பின்னை என்ன சொன்னவா?"

"என்னை வேற வகுப்புக்கு அனுப்ப வேணுமாம்."

"ஏனாம்?"

"நான் கதைக்கிறேல்லயாம்."

"நீ கதைக்கமாட்டியோ?"

"இப்ப கதைக்கிறன்தானே!"

"அப்ப அதை அவாக்குச் சொல்லு பிள்ளை. நான் சொன்னால் இன்னும் பிழையாப் போகும்."

அவள் ரீச்சரின் பக்கம் திரும்பினாள். டொச்சில் சொன்னாள். மெல்லிய குரல்தான், ஆனால் வசனம் முழுதாக வந்தது. ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய கண் கலங்கியதை நான் கண்டேன். அதன் பிறகு இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தது அந்தச் சின்னப் பிள்ளைதான். அவளை எங்கும் அனுப்பவில்லை. அண்ணை கதிரையில் சாய்ந்திருந்து, அறையில் தொங்கிய பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. "பதட்டத்தில எல்லாருக்கும் டொச் பிசகும் அண்ணை" என்றேன். "ஓம் தம்பி, ஓம்" என்றார்.

பிறகு அந்தத் தொடரை நிறப் படமாக எடுத்தார்கள். வளர்ந்துவிட்ட எங்கள் பிள்ளைகள் அண்ணையையும் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வெளியே வந்ததும் அவர்களுக்குப் பொல்லாத கோபம். தேத்தண்ணிக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. தாத்தாவின் விசாவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. "கதையை நாசமாக்கிப் போட்டாங்கள் மாமா!" என்றார்கள். "உவங்கள் புதுசா எடுக்கிறவங்கள் ஒண்டையும் ஒழுங்கா விடமாட்டாங்கள்" என்று அண்ணையும் சேர்ந்து திட்டினார். நானும் என் பங்குக்கு அந்த இயக்குநரைத் திட்டினேன்.

இப்போது மூன்றாம் தடவையாகப் புதுத் தொடர் வந்திருக்கிறது. அதைப் பார்த்த அபிராவுக்குப் பழைய ஞாபகம் வந்து, கறுப்பு வெள்ளைத் தொடரை இணையத்தில் தேடிப் பிடித்து, முதல் தடவையாகச் சத்தத்தோடு பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அப்பா, ஒரு வசனமும் அப்பிடி இல்லை. தாத்தா பல்லுக் குத்தெண்டு அழுறார். மாமாவுக்கு டொச் தெரியவே தெரியாது. எல்லாம் முகத்தைப் பார்த்துக் கட்டினது."

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இருவருக்கும் அந்த வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வியப்புத்தான் வந்தது. அத்தனை வருடப் புதன்கிழமைகளும் ஒரு தனி மனிதன், சத்தமில்லாத வாய்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு குடும்பம் முழுவதையும் உண்டாக்கியிருக்கிறார். மூன்று தடவை காசைக் கொட்டி எடுத்தவர்களுக்கும் அந்தக் குடும்பம் கிடைக்கவில்லை.

அண்ணை ஆஸ்பத்திரியில் இருந்தபோது போய்ப் பார்த்தேன். கேட்காமல் திரும்ப மனம் வரவில்லை.

"அண்ணை, அண்டைக்கு ரீச்சருக்கு முன்னால வேணுமெண்டே பிழையாச் சொன்னனீங்களோ? இல்லாட்டி உண்மையாவே விளங்கேல்லயோ?"

கண்ணை மூடியபடியே இருந்தார். நித்திரையாக்கும் என்று நான் எழும்பும்போது சொன்னார்: "பிள்ளை கதைச்சவளோ இல்லையோ?"

"கதைச்சவள் அண்ணை."

"பிறகென்ன."

வேண்டுமென்றே சொன்னாரா, விளங்காமல் சொன்னாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாமலிருப்பது நல்லதென்றே இப்போது நினைக்கிறேன். தெரிந்துவிட்டால் அவர் என் அளவுக்குச் சின்னவராகிவிடுவார்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த இருப்பு ஒன்றுதான். மொழி தெரியாத இடத்தில் ஓடித் தப்பாமல், கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பது. போன கிழமை எங்கள் இல்லத்துக்கு ஒரு மூதாட்டி புதிதாக வந்தார். இந்த நாட்டு மலைப்பக்கத்து ஆள், அவர் பேசுவது அங்கே வேலை செய்கிற ஒருவருக்கும் விளங்காது. சூப்பைத் தொடாமல் சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். வழமையாக நான் கோப்பையை வைத்துவிட்டு வந்துவிடுவேன். அன்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். "சொல்லுங்கோ அம்மா" என்றேன். அவர் சுவரை விட்டு என்னிடம் திரும்பிச் சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேற்பார்வை செய்யும் பெண் எட்டிப் பார்த்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துத் துணிந்து சொன்னேன்: "சூப்புக்கு உப்புக் காணாதாம்."

அந்தப் பெண் கரண்டியால் தொட்டு ருசி பார்த்தார். உண்மையாகவே உப்புக் குறைவுதான். சூப்பை வைத்தவன் நான்.