அண்ணன் காடியில் அரிசி இல்லை

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். கண்ணீரோடு எழுதச் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது, அதையே எழுதுகிறேன்.

அண்ணன் மலாயாவில், கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தார். அப்பா போன பிறகு அம்மாவையும் என்னையும் காப்பாற்றியவர் அவர்தான். லோரியில் கிளீனராக இருந்து தொழில் கற்று, காடி என்று நாங்கள் சொல்லும் பழைய கார் ஒன்றை வாங்கி, சுங்கைப் பட்டாணி டவுனுக்கு ஆள் ஏற்றினார். பிரசவ வலி என்று யார் வந்து நின்றாலும் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து கிளம்பிவிடுவார். காடிக்கு ஒரே குறை, பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகள் தேய்ந்து தளர்ந்து போயிருந்தன. ஆளே ஏறாவிட்டாலும் பின்பக்கம் தாழ்ந்துதான் ஓடும்.

அவசரகாலம் அது. காட்டில் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூடச் சாலையில் கொண்டுபோக விடமாட்டார்கள். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார் குடும்பத்தோடு ஓசிச் சவாரி கேட்டார், அண்ணன் மறுத்தார். சில நாளிலேயே சோதனைச் சாவடியில் காடியை மறித்தார்கள். "பின்னால தாழ்ந்து ஓடுது பாருங்க, அரிசி ஏத்துறான்" என்று கிராணியார் போட்டுக் கொடுத்திருந்தார். சீட்டு மெத்தையைக் கிழித்துப் பார்த்தார்கள், ஒரு மணி அரிசி இல்லை. இருந்தும் மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். எனக்குப் பரிசம் போட்டிருந்த வீட்டார், "காட்டுக்காரனுக்கு அரிசி கொடுத்த வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்" என்று சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். அதன்பின் என்னைக் கேட்டு எவரும் வரவில்லை.

விடுதலையாகி வந்த அண்ணன் முதல் வேலையாகப் புதுப் பட்டைகள் வாங்கி வந்தார். லயத்து வாசலில் காடியை ஜாக்கி போட்டுத் தூக்கி, பால்மரக் கட்டைகளை முட்டுக் கொடுத்தார். துருப்பிடித்த போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சுத்தியலால் அடித்துக் கழற்றினார். "கைய உள்ள விடாத தங்கச்சி, ஜாக்கிய நம்ப முடியாது" என்றார். நான் பட்டையைத் தாங்கிப் பிடிக்க, அவர் அடியில் படுத்து முடுக்கினார். கட்டைகளை எடுத்து இறக்கியதும் காடி நிமிர்ந்து நின்றது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நிற்கும்போது காடியை நேரே அங்கே ஓட்டினார். தேய்ந்த பட்டைகளைத் தூக்கிக் கிராணியாரின் காலடியில் போட்டார்.

"இந்தாங்க கிராணியாரே, நீங்க சொன்ன அரிசி. கொண்டுபோய் ஆக்கித் தின்னுங்க லா."

வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அதன்பின் கிராணியார் மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அண்ணன் காடியை மெதுவாக்குவார். அவர் கதவைத் திறக்க வரும் நேரம் பார்த்து ஓட்டிப் போய்விடுவார். வீட்டில் வந்து சொல்ல, இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அதில் எனக்கு வெட்கமே இல்லை.

நோயில் படுத்த கடைசி நாட்களில், "போதும் தங்கச்சி, விட்டுரு" என்றார்.

"உங்க கோபத்த நீங்க விட்டுக்குங்க அண்ணே. என்னோடது என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

இறுதிச் சடங்கில் வாய்க்கரிசி போடக் கிராணியாரும் வந்து நின்றார். அரிசி அள்ளிய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க அண்ணன் காடியில அரிசி இல்லன்னு சொல்லுங்க."

முனகினார்.

"வெளியில நிக்கிறவங்களுக்குக் கேக்கணும்."

சொன்னார். வாசல்வரை கேட்டது. அதன்பிறகும் அவரைப் போட விடவில்லை. அரிசியைத் தட்டிலேயே கொட்ட வைத்தேன்.

மருத்துவமனையில் துணையிருந்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கிராணியாருக்கும் ஒரு மலர் எடுத்து வைத்திருக்கிறேன். கண் சரியாகத் தெரிவதில்லையாம். நானே போய் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன்.