மூச்சுக்கு ஒரு கோடு

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சைதாப்பேட்டையில் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. பெசன்ட் நகர் ஆறேழு கிலோமீட்டர்தான், எனக்கு வெளியூர் போல இருந்தது. வீட்டுக்காரர் கார்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தே நுரையீரல் கெட்டுப் படுத்திருக்கிறார். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்லியிருந்தார் நர்ஸ். முப்பதைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. எண்ணி எண்ணி என் தூக்கம் போனது. இந்த இலவச தியான, ஓவிய வகுப்புக்கு அனுப்பியதும் அந்த நர்ஸ்தான்.

பக்கத்து வீட்டு ஷகிலா அக்காவை அவரோடு உட்கார வைத்திருந்தேன். சின்னமலை தாண்டுவதற்குள் அக்காவுக்கு இரண்டு போன் போட்டேன்.

"இருபத்தெட்டு. இன்னா, எனக்கு எண்ணத் தெரியாதா? வேடிக்கை பாத்துக்கினு போ."

அடையாறு டிப்போவில் நெரிசல். மூன்று மணிக்குத்தான் சேர்ந்தேன். மாடி அறை, ஜன்னலில் கடல் ஒரு கீற்று. வண்ணக் கிண்ணங்கள் வைத்தார்கள். புடவையில் பெயின்ட் வாசனை ஏறினால் அவருக்கு இருமல் வரும் என்று க்ரேயான் கேட்டு வாங்கினேன்.

"மூச்சை மட்டும் கவனிங்க. ஒரு மூச்சுக்கு ஒரு கோடு," என்றார் ஆசிரியை.

"வேகத்தைக் குறைக்கணுமா மேடம்?"

"வேணாம்மா. யாரோ பாக்கறாங்கன்னு தெரிஞ்சாலே மூச்சு மாறிடும். மாத்தாம விடறதுதான் கஷ்டம்."

கை நின்றுவிட்டது. நான் கடிகாரத்தை எடுத்ததும் வீட்டுக்காரர் வாயை மூடிக் கூரையைப் பார்ப்பார். எண்ணும்போதெல்லாம் இருபத்தெட்டு. ஒருநாளும் இருபத்தொன்பது வந்ததில்லை. போன மாதம் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்துவிட்டு, "இனிமே அங்க மட்டும் வேணாம்மே," என்றவர்.

பாதியில் எழுந்து ஆட்டோ பிடித்தேன். நூற்றைம்பது. பேரம் பேசவில்லை.

"பீச் பாக்க வந்தியாக்கா?"

"மூச்சு விடக் கத்துக்க வந்தேம்பா."

"அதுக்கெல்லாம் கிளாஸ் கீதா?" என்று சிரித்தார் ஆட்டோக்காரர்.

நாலரைக்கு வீடு. கையில் கடிகாரம் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரம் அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. வகுப்பிலிருந்து கொண்டுவந்த தாளைக் கட்டிலருகே விரித்து, நீல க்ரேயானை எடுத்தேன்.

"இன்னாமே வரையற?"

"கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. பாருய்யா."

அவர் தாளைப் பார்த்தார். நான் அவர் நெஞ்சின் மேல் போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக் கோடு போட்டேன். நொடி முள் ஒரு சுற்று வந்தது.

"நீலம் நல்லா கீது."

பெசன்ட் நகரில் மற்றவர்கள் தாளில் கோட்டுக்குக் கோடு விரல் நுழைய இடமிருந்தது. இதில் இடமே இல்லை. எண்ணினேன். நாற்பத்தொன்று.

ஷகிலா அக்கா ஆட்டோ பிடிக்க ஓடினார். நான் கட்டிலுக்கடியில் கையை விட்டு வீட்டுக்காரருடைய செருப்பை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.