பாலம் தாண்டி வாங்கிய காபி மெஷின்

பிரான்ஸின் எல்லை நகரான ஸ்ட்ராஸ்பூரில் டிராம் ஓட்டும் மார்சலினுக்குப் பணிமனையில் ‘வக்கீல்’ என்று பெயர். சட்டம் படித்தவரல்ல, செய்தித்தாளில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மீதியைத் தானே தீர்மானித்துக்கொள்கிறவர்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, ரைன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜெர்மன் பக்கத்துக் கேல் ஊருக்குப் போய் ஒரு காபி மெஷின் வாங்கி வந்தார். சமையலறை அலமாரித் தட்டுக்கு அடியில் அது நுழையவில்லை. நாலு விரல்கடை உயரம் அதிகம்.

“அளந்து பாத்துட்டுப் போகலையா?” என்றாள் மனைவி ஒடில்.

“எதுக்கு அளக்கணும்? ஐரோப்பா முழுக்க ஒரே சட்டம். பதினாலு நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பிக் குடுக்கலாம்.”

“கடைக்காரங்களுக்கு அது தெரியுமா?”

“தெரியலன்னா நான் சொல்லிக் குடுக்கறேன்.”

திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பின்னால் வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் தெரிந்துகொள்ளட்டும் என்று குரலை உயர்த்தியே பேசினார். கல்லாவில் இருந்த பெண் அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“அந்தச் சட்டம் இருக்கு சார். ஆனா நெட்டுலயோ ஃபோன்லயோ வாங்கினவங்களுக்கு. நீங்க நேர்ல வந்து தொட்டுப் பாத்துல்ல வாங்கினீங்க? பழுதான பொருள்னா ரெண்டு வருஷம் நாங்கதான் பொறுப்பு. பழுது ஏதாச்சும் இருக்கா?”

“இன்னும் ஓடவிட்டே பாக்கல.”

வரிசையில் யாரோ தும்மினார்கள். தும்மல்தான் என்று மார்சலின் நம்ப விரும்பினார்.

அதே ஊரில் இருந்த நுகர்வோர் ஆலோசனை அலுவலகத்துக்கும் விடாமல் போனார். அங்கிருந்தவர், “அந்தம்மா சொன்னது சரிதாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து, ஏதாவது ஓரிடத்தில் ஒழுகாதா என்ற ஆசையோடு மெஷினை ஓடவிட்டார். சொட்டு ஒழுகவில்லை. காபி அருமை.

“நல்ல காபியக் குடிச்சிட்டு மூஞ்சியத் தொங்கப்போட்ட ஒரே முட்டாள் நான்தான்,” என்றார். ஒடில் சிரித்த சிரிப்பில் அவள் கோப்பை தளும்பியது. அன்றே அலமாரித் தட்டைக் கழற்றிவிட்டார்.

மறுநாள் பணிமனையில் கதையைத் தும்மலோடு சேர்த்து அவரே சொன்னார். எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவரோடு டிராம் ஓட்டும் யாமினா மட்டும் சிரிக்கவில்லை.

“வக்கீலே, நான் ஒரு சைக்கிளை நெட்டுலதான் வாங்கினேன். ஜெர்மன் கடை. உக்கார்ற சீட் எனக்கு ஒத்துவரல. வெளிநாட்டுக்காரங்ககிட்டத் திருப்பி வாங்க மாட்டோம்னு எழுதிட்டாங்க.”

“வந்து எத்தன நாளாச்சு?”

“பன்னெண்டு.”

இந்த முறை அவர் சட்டத்தைத் தன் வாயால் சொல்லவில்லை. அந்த நுகர்வோர் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல யாமினாவை எழுதவைத்தார். ‘வாங்கியதை ரத்து செய்கிறேன்’ என்ற அந்தக் கடிதம் அன்றே போனது. அடுத்த வாரம் சைக்கிளைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கடை ஒப்புக்கொண்டது.

“ஒனக்கு நெசமாவே சட்டம் தெரியுது!” என்றாள் யாமினா.

“அடப் போ! ஒரு ஃபோன் நம்பர் தெரியும், அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டு மார்சலின் தன் வண்டிக்குப் போனார்.