மாப்பிள்ளை வீட்டாராக ஒரே ஒரு ஜெயில் வார்டர்: மட்டாஞ்சேரி, 1982

கொச்சிக்குப் போகிறவர்கள் எங்கே தங்கலாம், எந்தப் படகில் ஏறலாம் என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறீர்கள். நான் மட்டாஞ்சேரிக்குப் போனது ஒரே தடவைதான். 1982 மே மாதம், ஒரு கல்யாணத்துக்கு. அரண்மனையைப் பார்க்கவில்லை. சீன வலையைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இந்தத் தகுதியோடு பயணக் கட்டுரை எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம் என்றுதான் சொல்வேன். அந்த ஒன்றரை நாளில் நடந்தது அப்படி.

அப்போது எனக்கு முப்பது வயது. கோயம்புத்தூரில் ஜெயில் வார்டர் உத்தியோகம். சாயங்காலம் கைதிகளை எண்ணிப் பூட்டுவதும், காலையில் திறந்து மறுபடி எண்ணுவதும்தான் வேலை. கல்யாணப் பத்திரிகை அனுப்பிய துரைசாமி எங்களிடம் மூன்று வருஷம் இருந்தவர். பொள்ளாச்சிப் பக்கம் லாரி கிளீனர். டிரைவரும் இவரும் சேர்ந்து ஒரு லோடு கொப்பரையை முதலாளிக்குத் தெரியாமல் விற்றுவிட்டார்கள். போலீஸ் வந்தபோது டிரைவர் ஓடிவிட்டார். இவர் லாரிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

விடுதலையான பிறகு ஊரில் யாரும் வேலை தரவில்லை. சொந்த அண்ணன் வாசற்படியிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிட்டார். கிடைத்த லாரியில் ஏறிக் கொச்சிக்குப் போய், மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மிளகு குடோனில் மூட்டை தூக்கினார். இரண்டே வருஷத்தில் குடோன் மேஸ்திரி ஆறுமுகத்தின் மகள் வசந்தாவைக் கட்டிக்கொள்ளப் போகிறார். பத்திரிகையின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “ஐயா, என் பக்கத்துக்கு வேற ஆளே இல்லைங்க. கட்டாயம் வரணும்.”

முன்னாள் கைதியின் கல்யாணத்துக்கு என்று லீவு கேட்டால் மேலதிகாரி என்னையே உள்ளே வைத்துவிடுவார். சொந்தக்காரர் கல்யாணம் என்று எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ரயில். இரண்டாம் வகுப்பு, பன்னிரண்டு ரூபாய். பாலக்காடு தாண்டியதும் எதிர் சீட்டுக்காரர் தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாறிவிட்டார். நான் தலையாட்டலுக்கு மாறினேன். திருச்சூரில் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்குங்கள், சூடாக இருந்தால் மட்டும். பதினொன்றரைக்கு எர்ணாகுளம். அங்கிருந்து படகுத்துறைக்கு இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு மூன்று ரூபாய். மட்டாஞ்சேரிப் படகுக்கு நாற்பது காசு, அரை மணி நேரம். இடது பக்கம் உட்காராதீர்கள், மத்தியான வெயில் அந்தப் பக்கம்தான்.

துரைசாமி மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலேயே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் பழக்க தோஷத்தில் விறைப்பாக நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டுத் தளர்ந்தார். பையை வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார்.

“ஐயா, ஒரு சின்ன விஷயமுங்க. இங்கே உங்களை வார்டன்னு சொல்லியிருக்கேன்.”

“வார்டர்தானே நான்?”

“இல்லீங்க, வார்டன். ஹாஸ்டல் வார்டன். நான் அந்த ஹாஸ்டல்ல மூணு வருஷம் தங்கி நெசவு படிச்சதா…”

நின்றுவிட்டேன். ஒரே ஓர் எழுத்தில் என் உத்தியோகம் மாறிப்போயிருந்தது. “பொண்ணுக்குமா தெரியாது?” என்றேன்.

“அதுகிட்ட ஆறு மாசம் முன்னாலயே சொல்லிட்டேனுங்க. மாமாவுக்குத்தான் தெரியாது. எப்படியாவது சொல்லிடணும்னு தினமும் நினைக்கிறேன். அவரு முகத்தைப் பார்த்தா வாய் வர மாட்டேங்குது.”

ஆறுமுகத்தின் வீடு படகுத்துறையிலிருந்து பத்து நிமிட நடை. பஜார் ரோட்டில் சுக்கு நெடி மூக்கில் ஏறி மூன்று தும்மல் போட்டேன். அவர் அப்பா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். ஆள் நெட்டை, நரைத்த மீசை, குரல் மட்டும் குடோன் அளவுக்குப் பெரியது.

“வரணும் வார்டன் சாரே! சாயா எடு, வசந்தே!” என்றார். சாயா குடிக்கும்போது தொடங்கினார்.

“உங்க ஹாஸ்டல்ல எத்தனை பேர் உண்டு சாரே?”

முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல எனக்கு வராது. “ஆயிரத்துக்கு மேலே இருக்காங்க.”

“அம்மாடி! இத்தனை பேரையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?”

“சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணிப் பார்த்துப் பூட்டிடுவோம்.”

“பூட்டிடுவீங்களா!” அவர் முகம் மலர்ந்தது. “வெளியே சினிமா, கூட்டாளிங்களோட கூட்டுகெட்டு?”

“வெளியே விடறதே இல்லை.”

“அதல்லவா ஹாஸ்டல்! பீஸ் எவ்வளவு?”

“பீஸ் கிடையாதுங்க. சாப்பாடு, துணி எல்லாம் கவர்மென்ட்.”

ஆறுமுகம் எழுந்தே விட்டார். அவருடைய மகன் முரளி பத்தாம் வகுப்பில் மூன்று தடவை தோற்றவன், பகல் முழுக்கத் தியேட்டர் வாசலில் நிற்பவன். “நம்ம மோனை அங்கே சேர்க்க முடியுமோ சாரே? ஒரு சிபாரிசு?”

துரைசாமி உத்தரத்தைப் பார்த்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அந்த இருமலில் சிரிப்பு கலந்திருந்ததை அப்போதே கவனித்தேன்.

“அங்கே சிபாரிசு பலிக்காதுங்க. ஜட்ஜ்… அதாவது பெரிய இடத்துல உத்தரவு போடணும்.”

“போட்டா எத்தனை வருஷம்?”

“அது அவங்கவங்க செஞ்சதைப் பொறுத்து.”

“மிடுக்குள்ள ஸ்தாபனம்!” என்றார் ஆறுமுகம்.

மத்தியானம் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும். இரண்டையும் ஒரே தட்டில் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. வயிறு நிறைந்து படுத்தவன் நாலரைக்கு எழுந்தேன். கூடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் முரளியின் சட்டைகள், போர்வை, ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய். கல்யாணம் முடிந்ததும் மகனை என்னோடு அனுப்புவதாக முடிவாகிவிட்டது. முரளி ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, “பக்கத்துல தியேட்டர் உண்டோ சாரே?” என்று கேட்டான். அவன் அம்மா ஊறுகாய் ஜாடியைப் பெட்டிக்குள் வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துரைசாமி பெட்டியைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். நேராக ஆறுமுகத்தின் முன்னால் போய் நின்றார்.

“மாமா, அது ஹாஸ்டல் இல்லீங்க. ஜெயில். நான் கொப்பரை திருடி உள்ளே போனவன். இவரு அங்கே வார்டர்.”

ஆறுமுகம் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான் என் மோனுக்கு ஜெயில்ல இடம் கேட்டிருக்கேன்!”

“ஆமாங்க.”

சமையலறையில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. வசந்தாதான். ஆறுமுகம் அந்தக் கதவைப் பார்த்து, “நீ அறிஞ்சிருந்தியாடீ?” என்றார். சிரிப்பு நின்றது. வசந்தா வெளியே வந்தாள். கண்ணில் தண்ணீர். அது சிரிப்பினாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. “அறியும் அப்பா. என்கிட்ட அவரே சொன்னாரு. உங்ககிட்ட சொல்லத்தான் பயந்தாரு. எனக்கு இவரே போதும்” என்றாள்.

ஆறுமுகம் சட்டையை மாட்டிக்கொண்டு, “சார் வரணும்” என்று என்னை மட்டும் அழைத்துப் போனார். பூட்டிய குடோன்களுக்கு முன்னால் நடந்தோம். தெருமுனை திரும்பியதும், “அங்கே அவன் எப்படி இருந்தான்? உள்ளதைச் சொல்லணும்” என்றார்.

உள்ளதைச் சொன்னேன். முதல் வருஷம் ஒரு சண்டை போட்டுத் தண்டனை வாங்கினார். அப்புறம் தறியில் உட்கார்ந்தார், நன்றாகவே நெய்தார். கடைசி எட்டு மாசம் காவல் இல்லாமல் வெளித் தோட்ட வேலைக்கு அனுப்பினோம். “ஒரு நாளும் நேரம் தவறினது இல்லை. ஒரு நாள் சீக்கிரமே திரும்பிட்டாரு.”

“எதுக்கு?”

“மழைங்க. குடை இல்லை.”

ஆறுமுகம் நின்று என்னைப் பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. “மழைக்கு ஜெயிலுக்கு ஓடினவனா!” என்றார். வீட்டு வாசலுக்கு வந்ததும் குரல் பழையபடி பெரிதாகிவிட்டது. “கல்யாணம் நடக்கும். பட்சே இந்த வீட்டில் இனி ஒரு பொய்யும் வேண்டாம். சொந்தக்காரங்ககிட்ட நானே சொல்லுவேன், கேட்டோ.”

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு முகூர்த்தம். வீட்டு வாசலில் பந்தல். ஆறுமுகம் சொன்னபடியே ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். ஆனால் நாதஸ்வரம் காதருகில் முழங்கும்போது சொன்னார். பட்டு வேட்டியில் முறுக்கிய மீசையோடு மாப்பிள்ளை கம்பீரமாக இருந்தார். நானோ பிளேடு கிடைக்காமல் இரண்டு நாள் தாடியோடு, ரயில் கரி படிந்த சட்டையில். ஜெயில், வார்டர், மூணு வருஷம், திருட்டு என்ற நாலு சொல்லை வைத்துக்கொண்டு பந்தலில் இருந்தவர்கள் தாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

முதலில் பக்கத்து நாற்காலி அம்மாள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்தவர் வாட்சைத் தடவிப் பார்த்தார். பந்தியில் என் இரண்டு பக்கமும் இலைகள் காலி. பாயசக்காரர் என் இலையைத் தாண்டிப் போனார். திரும்பி வரும்போதும் தாண்டினார். சொன்னால் சிரிப்பீர்கள். நான் திருடவில்லை என்று எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. திருடியே இருந்தாலும் பாயசம் ஊற்றலாமே என்றும் இருந்தது.

பக்கத்துச் சுள்ளிக்கல்லில் மரக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், வசந்தாவுக்குத் தாய்மாமன், எதிர் இலையிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தணிந்த குரலில், “போனது போகட்டும், தம்பி. மாப்பிள்ளை உன்னைக் கூட்டிட்டு வந்து நாலு பேர் நடுவுல உட்கார வச்சிருக்காரே, முன்னே ஜெயில் வார்டரா இருந்தவருக்கு என்ன மனசு! நம்ம கடையில மரம் அடுக்க ஆள் வேணும். திங்கக்கிழமை வா” என்றார்.

வாயைத் திறந்தேன். மணையிலிருந்து எழுந்து வந்து பந்தியில் உட்கார்ந்திருந்த துரைசாமி அதைக் கேட்டுவிட்டார். அப்படியே விட்டிருந்தால் அவருக்கு நல்லதுதான். சாப்பிட்ட கையோடு எழுந்தார்.

“பெரியவரே, திருடினவன் நானுங்க. அவரு வார்டர். என்னைப் பூட்டினவரு. எனக்காகத்தான் வந்திருக்காரு.”

பந்தி முழுக்கக் கேட்டது. நாதஸ்வரக்காரர்களும் சாப்பிட உட்கார்ந்துவிட்டதால் மறைக்க எதுவும் இல்லை. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அப்போது வசந்தாவின் அம்மா பாயசக்காரர் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி வந்து, மாப்பிள்ளை இலையில் ஒரு கரண்டி, என் இலையில் ஒரு கரண்டி, மறுபடி மாப்பிள்ளைக்கு ஒன்று ஊற்றினார். “உட்காருங்க மாப்பிள்ளே, ஆறிப்போகும்” என்றார். அவர் உட்கார்ந்தார். சத்தம் மெல்லத் திரும்பியது.

சுள்ளிக்கல் மாமன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப உமக்கு அந்த வேலை வேண்டாம், அல்லே?” என்றார் வருத்தத்தோடு.

மூன்று மணிப் படகில் கிளம்பினேன். முரளி வரவில்லை. பெட்டியிலிருந்த ஊறுகாயை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கதவைத் திறந்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு நான் ஒரு மணி நேரம் திருடனாக இருந்தேன், அவ்வளவுதான். அதுவே தாங்கவில்லை. அதன் பிறகு விடுதலையாகிற ஒவ்வொருவரிடமும் “வெளியே யார் இருக்காங்க?” என்று கேட்க ஆரம்பித்தேன். யாரும் இல்லை என்றவர்களுக்கு என் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். ரிட்டயராவதற்குள் மாப்பிள்ளை வீட்டாராக இன்னும் ஏழு கல்யாணங்களுக்குப் போய்விட்டேன்.

இப்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மட்டாஞ்சேரிப் படகு சில காலம் ஓடும், சில காலம் நிற்கும். எர்ணாகுளம் துறையிலேயே விசாரித்துவிடுங்கள். மே மாதம் வேண்டாம், புழுக்கம் தாங்காது. பஜார் ரோட்டுக்குக் கைக்குட்டை அவசியம். ஜெயிலிலிருந்து வந்தவர் ஒருவர் கல்யாணத்துக்குத் துணையாகக் கூப்பிட்டால், யோசிக்காமல் போங்கள். போவதற்கு முன்னால் முகச்சவரம் செய்துகொள்ளுங்கள்.