காலி மாடத்து அந்தோணியார்

யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் ஏழு வருடம் விற்பனையாளனாக இருந்தேன். பொருளைவிட நான் அதிகம் விற்றது கதையைத்தான். ஊறுகாய்ப் பரணியைக் கேட்டால்கூட மூக்கும் முழியும் வைத்து ஒரு கதையைச் சேர்த்துத்தான் கட்டிக் கொடுப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு. இன்னொரு பெருமை என் மலையாளம். அப்பா தென்காசியிலிருந்து வந்து எறணாகுளம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர், வீட்டில் தமிழ்தான். ஆனால் என் பேச்சை வைத்து யாரும் என்னைப் 'பாண்டி' என்று கண்டுபிடிக்க முடியாது. இங்கே தமிழர்களுக்குக் கேலியாக வைத்திருக்கும் பெயர் அது.

ஒருநாள் வெளிநாட்டுத் தம்பதி ஒன்று கடைக்கு வந்தது. அந்த அம்மாளுக்கு மர அந்தோணியார் சுரூபம் ஒன்று பிடித்துப்போனது. கையில் குழந்தை இயேசு, மூக்கு நுனியில் சின்ன உடைப்பு. அது கொச்சங்காடியில் ஒரு ஷெட்டில் பலா மரத்தில் செதுக்கி, சேற்றில் ஒரு மாதம் புதைத்து, சாயத்தண்ணீர் பூசி, மெல்லிய ட்ரில்லால் செல்லரித்த ஓட்டை போட்டு எடுத்தது. மூக்கை உடைத்தது நான்தான்.

"இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்கள். இடக்கொச்சிப் பக்கம் பறங்கிப் பாதிரிகள் கட்டிய கோயில் ஒன்று இடிந்து கிடக்கிறது, அங்கிருந்துதான் என்று வாய் கூசாமல் சொன்னேன். அப்படி ஒரு இடிபாடு இருப்பது தெரியும், பார்த்ததில்லை. அவர்கள் அதோடு விடவில்லை. இடத்தைப் பார்த்துவிட்டு வாங்குகிறோம், நாளை காலை கூட்டிப் போங்கள் என்றார்கள்.

மாலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சாயாக்கடை. கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஒரு அந்தோணீஸ் புண்யாளன் உண்டாயிருந்நு. காவல்காரன் பாண்டி அடிச்சு மாற்றி," என்றார். அங்கே நிஜமாகவே ஒரு அந்தோணியார் இருந்திருக்கிறார், காவலுக்கு இருந்த தமிழன் கிளப்பிக்கொண்டு போய்விட்டானாம். அவன் செத்தும் பல வருடம் ஆயிற்றாம். எனக்கு அந்த மனுஷரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. கதை மொத்தமும் சமைத்துத் தயாராக இருந்தது, நான் பரிமாறினால் போதும்.

மறுநாள் காலை ஆட்டோவில் மூவரும் போனோம். இறால் வளர்க்கும் செம்மீன் கட்டுகளுக்கு நடுவில் ஒரு வரப்பு, அதன் முடிவில் கோயில். ஆட்டோக்காரனும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தான். கூரை என்றோ போய்விட்டது. வெட்டுக்கல் சுவர்கள் மட்டும் இடுப்பளவும் ஆளளவுமாக நின்றன. சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்த இடங்களில் கல் மாட்டு ஈரல் நிறத்தில் தெரிந்தது. பாதிரிகள் தங்கிய அறைகளின் அடித்தளம் புல்லுக்குள் கட்டம் கட்டமாகக் கிடந்தது. ஒரு கிணறு, அதற்குள் ஆலமரம். பீடம் இருந்த இடத்துக்கு மேலே ஒரு மாடம் காலியாக இருந்தது. அதற்குள் மட்டும் தூசி இல்லை. யாரோ தினமும் துடைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நான் மாடத்தைக் காட்டி ஆரம்பித்தேன். இங்கேதான் இருந்தார், காவல்காரத் தமிழன் வயிற்றுப்பாட்டுக்காக எங்கள் முதலாளியிடம் ரகசியமாக விற்றான், விற்கும்போது அழுதான் என்று அள்ளிவிட்டேன். அழுகை என் சொந்தச் சரக்கு. அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து துடைப்பத்தோடு ஒரு அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும், நைட்டிக்கு மேல் தோளில் ஒரு துண்டு. வெள்ளைக்கார அம்மாள் சந்தோஷத்தில் தன் போனை நீட்டி சுரூபத்தின் படத்தைக் காட்டினாள். அந்த அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"எண்டெ அந்தோணியாரே! கிட்டிட்டாரா?" என்றார். தமிழ்தான், மலையாளம் தோய்ந்த தூத்துக்குடித் தமிழ். "காணாமப் போன அந்தோணியாரைக் கண்டுபிடிச்சுத் தரணும்னு அந்தோணியார்ட்டயே பதினெட்டு வருஷமா கேக்கேன். எங்க கிட்டிச்சு மோனே? யாரு குடுத்தா?"

தம்பதி இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாற்றிச் சொன்னால் வியாபாரம் போகும்.

"காவல்காரர் ஒருத்தர் வித்ததா முதலாளி சொன்னார்," என்றேன்.

"எந்தக் காவல்காரர்?"

"இங்க இருந்த தமிழர்."

அவர் பீடத்தின் படியில் உட்கார்ந்தார். துண்டின் நுனியைத் திருகினார். "அது எங்க வீட்டு ஆளாக்கும்," என்றார். "ஊர்ல எல்லாரும் கள்ளன் கள்ளன்னாங்க. ஒவ்வொருத்தன்கிட்டயும் சண்டை போட்டேன். இந்தப் பிள்ளை மேல சத்தியம், நான் தொடலன்னு எண்டெ மகன் தலையில கைய வச்சுச் சொன்னாரு. அப்ப எங்கிட்டயும் பொய்தான் சொல்லியிருக்காரு, இல்ல?"

அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அம்மா, இது போன சிங்ங மாதத்தில் கொச்சங்காடியில் பிறந்த அந்தோணியார், உங்கள் வீட்டுக்காரருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தமிழில் சொன்னால் அந்தத் தம்பதிக்குப் புரியக்கூடப் போவதில்லை. ஆனால் அவர் கத்துவார், அழுவார், காரியம் கெட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன். இத்தனைக்கும் நடுவில் என் மூளை அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டது. அதை நினைத்தால்தான் இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

"என்ன சொல்கிறார்?" என்று வெள்ளைக்கார அம்மாள் கேட்டாள்.

"சுரூபம் நல்ல வீட்டுக்குப் போவதில் சந்தோஷமாம்," என்றேன்.

அன்று மதியமே அந்தோணியாரைச் சாக்கில் சுற்றிப் பெட்டியில் ஆணி அடித்து அனுப்பினோம். முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று உண்மையைச் சொல்லத் தனியாகக் கிளம்பினேன்.

அந்த அம்மாவின் வீடு கோயிலுக்குப் பின்னால், ஒற்றை அறை. சுவரில் ஆணி மட்டும் இருந்தது; அதைச் சுற்றிச் சதுரமாக அழுக்குப் படாத சுண்ணாம்பு. வீட்டுக்காரரின் படத்தை இறக்கிவிட்டிருந்தார். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஷெட்டில் அடுத்த மூன்று அந்தோணியார்கள் வரிசையாகக் காய்கிற படத்தைப் போனில் காட்டினேன். அவர் அதை முகத்தருகில் வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அப்ப அவரு எடுக்கல."

"எடுத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் சொன்னது பொய். அவ்வளவுதான் தெரியும்."

"எனக்குத் தெரியும்," என்றார். கட்டிலுக்கடியிலிருந்து படத்தை எடுத்துத் துண்டால் துடைத்தார். மீசை வைத்த, ஒல்லியான, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்ட ஆள். கிட்டத்தட்ட என் அப்பா மாதிரியே இருந்தார். நான் அந்த அம்மாவின் காலில் விழப் போனேன். அவர் நகர்ந்துகொண்டார்.

"எங்கால்ல விழுந்து என்ன புண்ணியம்? பொய்யை நாலு பேர் முன்னால வச்சுச் சொன்ன. ஆட்டோக்காரன் கேட்டுட்டு ஊர் பூரா சொல்லியாச்சு. உண்மைய மட்டும் ரகசியமா வந்து எங்காதுல சொல்ற. போற வழியில சாயாக்கடை இருக்கில்ல, அங்க சொல்லிட்டுப் போ. அது போதும்."

சொல்கிறேன் என்று சத்தியம் பண்ணினேன். அவர் படத்தை ஆணியில் மாட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சாயாக்கடை பெஞ்சில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு சாயா சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இங்கே வாயைத் திறந்தால் நாளைக்கே ஜூ டவுனுக்குத் தெரியும், வேலை போகும், போலீஸ்கூட வரலாம். கடைக்காரர் கிளாஸை என் முன்னால் வைத்தார். "புண்யாளன் கிட்டியல்லோ," என்றார். "ஆ பாண்டி தன்னெ வித்ததா, அல்லே?" அந்தத் தமிழனேதான் விற்றது, இல்லையா என்கிறார்.

பெஞ்சில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்ஙனெயா கேள்க்குந்நே," என்றேன். அப்படித்தான் கேள்விப்பட்டேன் என்று அர்த்தம். தமிழ் வாடை துளிகூட இல்லாத, சுத்தமான மலையாளத்தில் சொன்னேன்.