விளக்கு வைக்கும் முன் ஒரு குல்லா

இது கதை இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் கிழமை, மணி எல்லாம் சுத்தமாகச் சொல்வேன். உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கடைசியில் கேளுங்கள்.

அண்ணா மறைந்த வருஷத்து மார்கழி. நன்னிலத்துக்குக் கிழக்கே ஐந்து மைலில் ஒரு ஊர். பேர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அகிலாண்டம் தையல் டீச்சர். புருஷன் தியாகராசனுக்கு மன்னார்குடியில் குமாஸ்தா வேலை, சனிக்கிழமைதான் வருவார். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகத் தவமிருந்து பெற்றது மங்களாம்பிகை. நாலு மாசக் குழந்தை, அதற்கும் இழுப்பு. "தலையில பனி இறங்காம பாத்துக்குங்க. இந்த மார்கழியைத் தாண்டிட்டா பொழைச்சுக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை போதாதா? டீச்சருக்குத் தூக்கமே போயிற்று.

நாகூரில் உல்லன் நூல் வாங்கிவந்து குல்லா பின்ன உட்கார்ந்தார். மஞ்சள் குல்லா. காதை மூடப் பச்சை விளிம்பு. நெற்றிக்கு நேரே சிவப்பில் ஒரு பூ. தட்டையான பூ இல்லை, ஐந்து இதழும் விரலில் தட்டுப்படும்படி புடைத்து நிற்கிற பூ. ஊசியில் எழுபத்திரண்டு கண்ணி போட்டார். அது மங்களத்தின் தலையை அளந்து போட்ட கணக்கு.

அந்த நேரம் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. கதிர் முற்றி நிற்கிறது. கூலி நெல் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று செங்கொடிக்காரர்கள். வெளியூர் ஆளை வைத்து அறுத்துக்கொள்கிறோம், போங்கடா என்று மிராசுதார்கள். டீச்சர் வீட்டுக் கொல்லையை ஒட்டி வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கம் கூலிக்காரர்களின் குடிசைகள். ஆறு வருஷம் அந்த ஊரில் இருந்தும் டீச்சர் ஒருநாள்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

புதன்கிழமை மாலை ஆறு பத்து. விளக்கு வைத்தாயிற்று. கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் வேம்பு. அந்தப் பக்கத்துக் குடிசைக்காரி. அவள் புருஷன் மருதையன் கூலிப் போராட்டத்தில் பிடிபட்டு ஜெயிலில் இருந்தான். அவள் பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு கையில் மார்போடு அணைத்த துணி மூட்டை. இன்னொரு கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

"டீச்சர், பிள்ளைக்குத் தலை குளிருதுங்க. மிச்ச நூல் இருந்தா ஒரு குல்லா..."

"விளக்கு வச்சாச்சே வேம்பு. இந்நேரத்துல நூலை வெளியில குடுக்கக் கூடாது. நாளைக்கு விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி வா."

டீச்சரைக் குற்றம் சொல்லாதீர்கள். விளக்கு வைத்த பிறகு ஊசியும் நூலும் உப்பும் எந்த வீட்டில் கொடுக்கிறார்கள்? அதுவும் வீட்டில் சீக்காளிக் குழந்தையை வைத்துக்கொண்டு.

"சரிங்க டீச்சர்" என்று வேம்பு போய்விட்டாள்.

அன்று இரவு பதினொன்றேகாலுக்குப் போலீஸ் வேன் சத்தம். நாய்கள் குரைத்தன. பிறகு அவையும் ஓய்ந்தன. விடிந்து பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு குடிசையிலும் அடுப்பு புகையவில்லை. அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள். நூற்று நாற்பத்து நாலு தடை போட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லை, பஸ் இல்லை. பால்காரி ராசம்மாள்கூட வரவில்லை. வீட்டில் டீச்சரும் குழந்தையும் மட்டும்.

வியாழக்கிழமை. மாலை ஐந்து ஐம்பது. கொல்லைத் தாழ்வாரத்தில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் டீச்சர் பின்னிக்கொண்டிருந்தார். தூளியில் மங்களம். கொர்... கொர்... என்று இழுப்பு.

"விளக்கு வைக்கலையே, டீச்சர்?"

நிமிர்ந்தார். படிக்குக் கீழே வேம்பு. சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"அட, நீ ஓடலையா? எங்க இருக்க?"

"இங்கதாங்க. வாய்க்கால்ல."

"இது என் பிள்ளைக்குடி. முடிச்சுட்டு மிச்ச நூல்ல உனக்குப் போட்டுத் தர்றேன்."

"காத்திருக்கேங்க."

அவள் மார்பிலிருந்த மூட்டை அசையவில்லை. பன்னிரண்டு நாள் பிள்ளை ஒரு முனகலாவது முனகாதா? டீச்சர் உள்ளே போய் விளக்கேற்றிவிட்டு வந்தார். ஆள் இல்லை. வாய்க்காலிலிருந்து படிவரை ஈரக் கால்தடம். திரும்பிப் போன தடம் இல்லை.

குல்லாவைக் கையில் எடுத்தார். என்னவோ சின்னதாகத் தெரிந்தது. எண்ணினார். நாற்பது கண்ணி. பிறந்த பிள்ளைத் தலைக்குப் போடுகிற கணக்கு. எழுபத்திரண்டு எங்கே போயிற்று? பிரித்தார். மறுபடி எழுபத்திரண்டு போட்டார். பத்து வரிசை பின்னி எண்ணினார். நாற்பது.

வெள்ளிக்கிழமை டீச்சர் நாலரைக்கே விளக்கை ஏற்றிவிட்டார். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அம்மிக் குழவியையும் உருட்டி முட்டுக் கொடுத்தார். கூப்பிட்டால் வர ஆள்? தெருவில் ஈ காக்கை இல்லை.

ஐந்து நாற்பத்தெட்டு. விளக்கு அணைந்தது. காற்றில்லை. எண்ணெய் இருந்தது. தீக்குச்சி கிழித்தார். பற்றவில்லை. இன்னொன்று. இன்னொன்று... பெட்டி காலி. எல்லாக் குச்சியும் நமத்துப்போயிருந்தது.

ஐந்து ஐம்பது.

"விளக்கு வைக்கலையே, டீச்சர்?"

குரல் உள்ளேயிருந்து வந்தது. தூளிக்குப் பக்கத்திலிருந்து.

சொட்... சொட்... தரையில் தண்ணீர்.

இழுப்புச் சத்தம் நின்றது.

ஐயோ, என் தங்கமே! கத்த வாய் வரவில்லை. ஓடக் கால் வரவில்லை. கை மட்டும் பின்னியது. அவர் பின்னவில்லை, கை பின்னியது. நாற்பது கண்ணி. மஞ்சள். சிவப்பு. ஓர் இதழ்... இரண்டு... ஐந்து.

மஞ்சள் நூல் தீர்ந்தது. குல்லா முடிந்தது.

"எடுத்துக்க... என் பிள்ளையை விட்டுடு..."

சேறு மாதிரிச் சில்லென்று ஒரு கை வாங்கிக்கொண்டது. ஒரு கைதான்.

தூளியில் மங்களம் வீறிட்டாள்.

பத்து நாளில் தடையை எடுத்தார்கள். தியாகராசன் ஓடிவந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "பயத்துல என்னத்தையோ பாத்திருக்கே" என்றார். "அப்ப நான் பின்னுன குல்லா எங்கங்க?" என்று டீச்சர் கேட்டார். தியாகராசன் மன்னார்குடிக் கடையில் வாங்கிய சிவப்புக் குல்லா ஒன்றைக் குழந்தைக்கு மாட்டிவிட்டார். இரவு பகலாக அது மங்களத்தின் தலையிலேயே இருந்தது. இழுப்பும் தணிந்தது. டீச்சருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் ராசம்மாள் பால் ஊற்ற வந்தாள். செம்பை இறக்கி வைத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"சேதி தெரியுமா டீச்சரம்மா? நம்ம வேம்பு செத்துப் போயிட்டாளுங்க. அந்தப் புதன்கிழமை ராத்திரி, போலீசுக்குப் பயந்து வாய்க்கால்ல கோரைக்குள்ள நின்னுருக்கா. கழுத்து மட்டும் தண்ணி. விடிய விடியப் பனி. வெறச்சுப் போச்சு. வெளிச்சம் வர்றதுக்குள்ள கரையிலயே ஒரே குழியா வெட்டி, மூணு பேரையும் பொதைச்சுட்டு ஓடிட்டாங்க."

"மூணு பேரா?"

"ரெட்டைப் பிள்ளையாச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஐம்பது. விளக்கு இன்னும் வைக்கவில்லை.

உள்ளே ஓடினார். தூளியைச் சுற்றிலும் ஈரம்.

மங்களத்தின் தலையில் குல்லா இல்லை.

வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

குழந்தை பிழைத்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கச் சொன்னேனே... அகிலாண்டம் டீச்சர் என் அம்மா. சாகிறவரை பின்னல் ஊசியைத் தொடவில்லை. மங்களாம்பிகை நான்தான். எனக்கு ஐம்பத்தைந்து வயசாகிறது. சித்திரை வெயிலாக இருந்தாலும் சரி, விளக்கு வைக்கிற நேரம் வந்தால் என் தலை நனைந்து சில்லிட்டுப்போகும். பார்க்காத டாக்டர் இல்லை.

இப்போது மணி ஐந்து நாற்பத்தொன்பது. தொட்டுப் பார்க்கிறீர்களா?